மேட்ச்பாக்ஸ் 1988 செட்: ஐந்து வண்டிகளை ஏமாறாமல் சேர்ப்பது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன் கிழக்கு லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு சிவப்பு மேட்ச்பாக்ஸ் பொம்மை மாடி பஸ்ஸை 40 பவுண்டு கொடுத்து வாங்கினேன். 1950-களின் அசல் என்றார் விற்றவர். மஞ்சள் அட்டைப்பெட்டி வேறு கூடவே இருந்ததால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் விளக்குக்குக் கீழே கவிழ்த்துப் பார்த்தபோது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவிய கீறல்கள். பழைய பொம்மை கார் சேர்க்கும் நண்பர் தன் அலமாரியிலிருந்து இன்னொரு பஸ்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் 1988 மறுவெளியீடு. அவர் தன் செட் முழுவதையும் என் பஸ்ஸின் விலையைவிடக் குறைவாக வாங்கியிருந்தார்.

சூடு கண்ட பூனையாக அதன்பின் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்களின் மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஏன் சேர்க்க வேண்டும் என்ற பாடமெல்லாம் இங்கே கிடையாது.

எதைத் தேடுகிறோம்?

மேட்ச்பாக்ஸ் கார்களை முதலில் செய்தது லெஸ்னி. 1947-இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இருவர் தொடங்கிய லண்டன் நிறுவனம். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டியதுதான் ‘லெஸ்னி’. குடும்பப்பெயர் ஒன்றானாலும் அவர்கள் உறவினர் அல்லர். பின்னர் கூட்டாளியான ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே கொண்டுவர அனுமதி. மகளுக்காக அவர் ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து கொடுத்தார். 1953-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசையில் முதல் எண் ரோடு ரோலருக்குப் போனதில் வியப்பில்லை.

1982-இல் லெஸ்னி நொடித்துப்போய் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் 1988-இல், லெஸ்னி பொம்மை செய்யத் தொடங்கிய 1948-இன் 40-ஆம் ஆண்டு நினைவாகப் பழைய ஐந்து வண்டிகளை ஒரே செட்டாக மீண்டும் வெளியிட்டார்கள்: ரோடு ரோலர் (எண் 1), மாஸி ஹாரிஸ் டிராக்டர் (4), லண்டன் பஸ் (5), குதிரை இழுக்கும் பால்வண்டி (7), டென்னிஸ் தீயணைப்பு வண்டி (9). ஒவ்வொன்றுக்கும் பழைய பாணியில் தனித்தனி அட்டைப்பெட்டி. நாம் சேர்க்கப்போவது இந்த ஐந்தையும்தான்.

முதல் படி: செட்டாகவே வாங்குங்கள்

உதிரியாகச் சேர்த்தால் மலிவு என்று சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். இதே வண்டிகள் பிற்பாடு வேறு நிறங்களிலும் வந்தன. உதிரியாக வாங்கும்போது அந்த நிறங்கள் கலந்துவிடும். பிறகு மாற்றி வாங்க அலைய வேண்டும். பால்வண்டி மட்டும் சிக்காமல் ஏழு மாதம் காத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வயிற்றைப் பாருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புதியவர்கள் வண்டியின் மேல்பக்கத்தையே பார்ப்பார்கள். பெயின்ட் பளபளக்கிறது, அதனால் புதியது. உரிந்திருக்கிறது, அதனால் பழையது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெயின்டை யார் வேண்டுமானாலும் உரிக்கலாம். ஒரு சாவிக்கொத்தோடு சட்டைப்பைக்குள் ஒரு வாரம் கிடந்தால் போதும், முப்பது வயது கூடிவிடும்.

அடிப்பக்கம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. லெஸ்னி என்ற பெயரும் இங்கிலாந்தில் செய்தது என்ற ஆங்கிலச் சொற்களும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருப்பது அசலுக்கு உரிய அடையாளம். மறுவெளியீட்டை அசல் என்று விற்பவர்கள் எழுத்தை ராவிவிடுவார்கள். அந்த இடம் வழவழவென்று இருந்தாலும், சுற்றியுள்ள உலோகத்தைவிட அங்கே மட்டும் பளிச்சென்று இருந்தாலும் வண்டியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இணையத்தில் வாங்கினால் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் பேரம் பேசாதீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். கைபேசி கேமராவை நான் நம்புவதில்லை. அது கீறலைத் தானாகவே மெழுகிவிடுகிறது.

மூன்றாம் படி: பெட்டியைத் திறப்பது

சிரிக்காதீர்கள். செட்டின் மதிப்பில் பாதி இந்த அட்டையில்தான் இருக்கிறது. பால்வண்டிப் பெட்டியின் மடிப்பை நகத்தால் நெம்பினேன். உள்ளே செருகியிருந்த நாக்கு அப்படியே கையோடு வந்துவிட்டது. இப்போது இப்படிச் செய்கிறேன்: பெட்டியின் இரு பக்கங்களையும் விரல்களால் மெல்ல உள்நோக்கி அழுத்துவேன். வாய் சற்றே அகலும்போது நாக்கு இளகும். தட்டையான மூங்கில் குச்சியை அடியில் நுழைத்து மேலே தள்ளினால் போதும். கிழிந்துவிட்டால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள்; அது மஞ்சளாகி அச்சையும் தின்றுவிடும்.

நான்காம் படி: துடைப்பதும் வைப்பதும்

உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும். தண்ணீர், சோப்பு, பாலிஷ் எதுவும் வேண்டாம். பிவிசி உறையில் அடைத்து வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அட்டையிலும் பெயின்டிலும் ஒட்டிக்கொள்ளும். பெட் (PET) பிளாஸ்டிக் உறைகள் சில காசு கூடுதல், பரவாயில்லை. ரப்பர் பேண்டு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் போன வாரம் வந்த ஒரு படத்தில் ஐந்து பெட்டிகளும் ரப்பர் பேண்டில் தொங்கின.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த இரண்டு பேர் ஹாட்வீல்ஸ் என்ற இன்னொரு நிறுவனப் பொம்மை காருக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. அடியில் உள்ள ஆண்டு அந்த வடிவத்தின் காப்புரிமை ஆண்டு. கார் செய்யப்பட்ட ஆண்டு அல்ல. 1968 என்று பொறித்த கார் பல ஆண்டுகள் கழித்து வார்த்ததாகவும் இருக்கலாம். அதே இடத்தில் எந்த நாட்டில் செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆரம்பகாலக் கார்கள் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் செய்யப்பட்டவை. தாய்லாந்து, மலேசியா என்று போட்டிருந்தால் எழுபது பவுண்டு கேட்பவரிடம் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.