சிப்பி வாங்குவது முதல் வேகவைப்பது வரை: முதன்முறை சமைப்பவர்களுக்கு

கன்னியாகுமரிப் பக்கத்துச் சந்தைகளில் பாறையிலிருந்து பெயர்த்த சிப்பி கூடை கூடையாக வரும். ருசியான பண்டம். ஆனால் மீன் வாங்குகிற கண்ணோடு இதை வாங்கக் கூடாது. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் இரை தேடும், அதுவும் மணிக்கு லிட்டர் கணக்கில். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் எல்லாம் அதன் உடம்பில் சேரும். விப்ரியோ பாக்டீரியாவுக்குச் சாக்கடைகூடத் தேவையில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் அது இயல்பாகவே இருக்கிறது.

1. எங்கே, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ஊர்க்கழிவு வந்து சேரும் இடம் என்றால் வேண்டாம்.

2. உயிரோடு இருக்கிறதா பாருங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதது, ஓடு உடைந்தது, நாற்றமடிப்பது மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

3. வெயிலில் வைக்காதீர்கள். குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரம்தான் கணக்கு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். வீட்டில் ஈரத்துணி போர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும்.

4. சமைக்கும் முன் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஓட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் நாரைப் பிய்த்தெடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம். விப்ரியோவில் ஒரு வகை காயம் வழியாகவும் உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

5. இனி வேகவைப்பது. ஓடு திறந்ததுமே வெந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறோம், அங்கேதான் தப்பு. கொதிநீரில் போட்டால், திறந்த பிறகு இன்னும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். ஆவியில் என்றால் 4 முதல் 9 நிமிடம். கடைசிவரை திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம், சூடுதான் கொல்லும். அப்புறம், பச்சைச் சிப்பி இருந்த பாத்திரத்தில் வெந்ததைக் கொட்டாதீர்கள்.

சூட்டுக்கும் அடங்காத ஒன்று உண்டு. சில கடல் நுண்பாசிகளின் நஞ்சு சிப்பியில் சேர்ந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. 1997-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டவர்கள் உயிரிழந்தது அப்படித்தான். சாப்பிட்டபின் உதடோ நாக்கோ மரத்துப்போனால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.