அவித்த முட்டையின் சத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

பினாங்கில் காலைப் பசியாறலுக்கு வாங்கும், தேங்காய்ப் பாலில் வெந்த சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால், சம்பாலின் அருகே பாதியாக அறுத்த அவித்த முட்டை ஒன்று இருக்கும். அதன் மஞ்சள் கருவை மட்டும் தோண்டி ஒதுக்கி வைப்பவர்களை என் குடும்பத்திலேயே பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கொழுப்புக்கு அஞ்சி அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை, ஒரு சமையலறைத் தராசும் சிறிது பெருக்கல் கணக்கும் இருந்தால் எவரும் தாமே அறியலாம்.

முதற்படி: முட்டையின் எடையை அறிதல்

நம் மலேசியாவில் ஏ, பி, சி என்று முட்டைக்குத் தரும் கிரேட் எடையை மட்டுமே குறிக்கிறது. ஏ கிரேட் முட்டை 65 முதல் 69.9 கிராம் வரையும், பி கிரேட் 60 முதல் 64.9 கிராம் வரையும், சி கிரேட் 55 முதல் 59.9 கிராம் வரையும் இருக்கும். ஆகவே சி கிரேட் முட்டை சத்தில் தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அது அளவில் சிறியது, அவ்வளவுதான். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தையும், மஞ்சள் கருவின் நிறம் அது தின்ற தீனியையும் பொறுத்தவை. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டையின் கரு ஆழ்ந்த நிறத்தில் இருப்பதனால் மட்டுமே அதில் புரதம் கூடிவிடுவதில்லை.

இரண்டாம் படி: அவித்தல்

பாத்திரத்தில் முட்டை முழுதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்த முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்குங்கள். அடுப்பைச் சற்றே தணித்து, சிறிய முட்டையானால் 11 நிமிடமும், ஏ கிரேட் ஆனால் 12 நிமிடமும் வேக விடுங்கள். குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவதைவிட, கொதிநீரில் நேராக இடும்போது ஓடு எளிதில் உரியும். அன்றன்று வந்த புத்தம்புது முட்டை உரிய மறுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நாள் செல்லச் செல்ல ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறுவதால் வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதன் பிறகே உள்தோலோடு அதன் ஒட்டு தளர்கிறது. ஒரு வாரம் பழகிய முட்டையே அவிப்பதற்கு ஏற்றது.

நேரம் முடிந்ததும் முட்டையைப் பனிக்கட்டி போட்ட நீருக்கு மாற்றுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்திலும் வெதுவெதுப்பாகவே வருவதால், அதில் வைத்தால் வேகுதல் உடனே நிற்பதில்லை. அளவுக்கு மீறி வெந்தால், வெள்ளைக் கருவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து, கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் தோன்றும். அதனால் தீங்கு ஏதுமில்லை. மணமும் மென்மையும்தான் குறையும்.

நன்றாக அவிப்பதில் சத்து வீணாகிவிடும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். புரதத்தைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது: வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை நம் உடல் செரித்துக்கொள்கிறது, பச்சை முட்டையில் அது ஏறத்தாழ பாதிதான். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் என்னும் பொருள் பயோட்டின் வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேர விடாது; வேகவைக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை எனக்கும் பிடித்தமானதே என்றாலும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், சால்மொனெல்லா கிருமிக்கு இடம் தராத முழு வேக்காட்டு முட்டையையே கொடுக்கச் சொல்வேன்.

மூன்றாம் படி: கணக்கு

ஓடு நீக்கிய முட்டையைத் தராசில் வையுங்கள். 65 கிராம் முட்டை, ஓடு போக ஏறத்தாழ 57 கிராம் நிற்கும். அவித்த முட்டை 100 கிராமில் 155 கலோரியும் 12.6 கிராம் புரதமும் 10.6 கிராம் கொழுப்பும் உள்ளன. எனவே 57-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 88 கலோரி, 0.126-ஆல் பெருக்கினால் 7.2 கிராம் புரதம். இணையத்தில் எங்கும் காணப்படும் ‘ஒரு முட்டைக்கு 78 கலோரி’ என்னும் கணக்கு, ஓடு நீக்கி 50 கிராம் நிற்கும் முட்டைக்கு உரியது. உங்கள் கையில் உள்ள முட்டைக்கு அது பொருந்துகிறதா என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துப் பார்த்தல்

அந்த 50 கிராமில் வெள்ளைக் கரு 33 கிராமும் மஞ்சள் கரு 17 கிராமும் இருக்கும். வெள்ளையில் 3.6 கிராம் புரதமும் வெறும் 17 கலோரியும் உண்டு. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். மஞ்சளில் 2.7 கிராம் புரதமும் மீதிக் கலோரிகளும் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கண்ணுக்கு நல்லதான லூட்டின், 147 மில்லிகிராம் கோலின் ஆகியவை ஏறக்குறைய முழுவதுமாக மஞ்சளிலேயே அடங்கியுள்ளன. பி12-இன் பெரும்பகுதியும் அதில்தான். மூளைக்கும் கல்லீரலுக்கும் தேவையான கோலின், கர்ப்பிணி ஒருவருக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே முட்டை கொடுத்துவிடுகிறது. மஞ்சளை ஒதுக்குபவர் இவற்றோடு புரதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கை ஒதுக்குகிறார்.

முட்டையில் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆயினும் பெரும்பாலோருக்கு இரத்தக் கொழுப்பை அதிகம் உயர்த்துவது, தேங்காய்ப் பால், நெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைகொழுப்பு. ஒரு முட்டையில் அது 1.6 கிராம் மட்டுமே. தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றை முழுவதும் உண்டு, மஞ்சள் கருவை மட்டும் தள்ளிவைப்பது தவறான இடத்தில் கை வைப்பதாகும். நீரிழிவு, இதய நோய், பரம்பரைக் கொழுப்புக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எத்தனை முட்டை உண்ணலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

ஐந்தாம் படி: முட்டையோடு எதை உண்பது?

முட்டையில் நார்ச்சத்தும் இல்லை, வைட்டமின் சியும் இல்லை. அதிலுள்ள 0.6 மில்லிகிராம் இரும்பும் மஞ்சள் கருவின் ஒரு புரதத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், உடலில் எளிதில் சேர்வதில்லை. சில துண்டு கொய்யாப்பழமோ எலுமிச்சை பிழிந்த வல்லாரைச் சம்பலோ உடன் இருந்தால் இரும்பு சேர்வது கூடும். தே தாரேக்கை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், ஏனெனில் தேநீரின் துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைத் தடுக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு முட்டை போன்ற புரத உணவு, பாதி காய்கனி என்று நம் சுகாதார அமைச்சு சொல்லும் அளவு இதற்கு நன்கு பொருந்தும்.

மீந்த முட்டைகளை ஓட்டோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கெடாமல் இருக்கும். பிள்ளைகளின் பள்ளி உணவுப் பெட்டியில் வைப்பதானால், அவித்த முட்டை நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது; முதல் ஓய்வு நேரத்திலேயே உண்ணும்படி பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.