சிறுதொழில் தொடங்குபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

என்ன தொழில் செய்யலாம் என்று தேடினால் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. துணிப்பை, மெழுகுவத்தி, டியூஷன், மொபைல் ரிப்பேர், ஆன்லைன் மறுவிற்பனை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அவற்றில் பெரும்பாலானவை நல்ல தொழில்கள்தான். ஆனால் விற்ற பிறகு கையில் எவ்வளவு நிற்கும், அந்தப் பணம் எப்போது வந்து சேரும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தொழில் படுத்துவிட்டால் யோசனையைத்தான் குறை சொல்கிறோம். கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கூட்டத்தைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தவறு தொடங்கிவிடுகிறது. ஒரு கடையில் எந்நேரமும் ஆள் நிற்கிறது என்றால் அங்கே வியாபாரம் நடக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கட்டடம் கடைக்காரருக்குச் சொந்தமாக இருக்கலாம், வாடகையே கிடையாது. வீட்டு ஆட்கள் இரண்டு பேர் சம்பளமில்லாமல் உழைக்கலாம். பல வருடப் பழக்கத்தில் சரக்கைக் கடனுக்கு எடுக்கலாம். அதையே நீங்கள் வாடகை, சம்பளம், ரொக்கக் கொள்முதல் என்று தொடங்கினால், வெளியே தெரியும் போர்டு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கணக்கு வேறு.

அடுத்து, பாராட்டை ஆர்டராக எடுத்துக்கொள்வது. "சூப்பரா இருக்கு, கட்டாயம் ஆரம்பி" என்பார்கள் நண்பர்களும் உறவினர்களும். சரி, 10 எண்ணத்துக்கு முன்பணம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். உங்களைத் தெரியாத ஒருவர் காசை எடுத்து நீட்டும்வரை சந்தை இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

1999-இல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தில் ஷூ விற்க நினைத்தபோது முதலில் சரக்கே வாங்கி வைக்கவில்லை. கடைகளில் இருந்த ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபம் பார்க்க முடியாது. ஆனால் காலில் போட்டுப் பார்க்காமலே மக்கள் ஷூ வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அதுதான் ஜாப்போஸ் என்ற நிறுவனமாக வளர்ந்து 2009-இல் அமேசான் கைக்குப் போனது. அதே காலத்தில் வெப்வேன் என்ற நிறுவனம், மளிகையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று இறங்கி, போதுமான வாடிக்கையாளர்கள் சேரும் முன்பே பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளைக் கட்டியது. 2001-இல் திவால். சிறுதொழிலில் அகலக்கால் வைப்பதும் இந்த மாதிரிதான். முதல் போணி ஆகும் முன்பே உள்அலங்காரம், புது மெஷின், பெரிய வாடகை முன்பணம். மெஷினை முதலில் வாடகைக்கு எடுக்கலாம், அல்லது வேலையை ஜாப் ஒர்க்காக வெளியே கொடுத்து வாங்கலாம். அடக்கவிலை கொஞ்சம் கூடும். ஆனால் ஆர்டர் நின்றுபோனால் மெஷின் தலையில் கட்டப்பட்டிருக்காது.

இனி விலை. இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். ஒரு துணிப்பைக்குத் துணி 40, நூலும் கைப்பிடியும் 5, தையல் கூலி 25, ஆக அடக்கவிலை 70 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இதேதான். தானே தைப்பவர் கூலியை விட்டுவிட்டு, அடக்கம் 45தானே என்று 60-க்கு விற்கிறார். பைக்கு 15 லாபம் என்று சந்தோஷம். ஆர்டர் பெருகி, கூலிக்குத் தையல்காரர் ஒருவரை வைத்த அன்றே பைக்கு 10 நஷ்டம். 60-க்குப் பழகிய வாடிக்கையாளரிடம் இனி 100 என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொருவர் 70-க்கு மேல் 30 சதவீதம் வைத்து 91 என்று விலை போடுகிறார். 30 சதவீதம் லாபம் இருக்கிறதே என்ற தைரியத்தில் 30 சதவீதம் தள்ளுபடியும் அறிவிக்கிறார். 91-இல் அந்த 30 சதவீதம் கழிந்தால் மிஞ்சுவது 63.70, அடக்கத்துக்கும் கீழே. லாபத்தை அடக்கவிலை மேல் போட்டார், தள்ளுபடியை விற்கும் விலை மேல் கொடுத்தார், அவ்வளவுதான். 100-க்கு விற்பவரும் இதில் தப்ப முடியாது. 10 சதவீதம் தள்ளினால் 30 லாபம் 20 ஆகிவிடும், பழைய லாபத்தை எடுக்க ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். அப்புறம் வாடகை, மின்சாரம், போன், உதவியாள் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 15,000 போகிறது என்றால், பைக்கு 30 வீதம் 500 பை விற்ற பிறகுதான் அது தீரும். 25 வேலை நாள் என்றால் தினம் 20 பை. தன் தொழிலுக்கு இந்த எண் என்ன என்று சொல்லத் தெரியாதவர் கடைக்கு இடம் பார்க்கப் போகக் கூடாது என்பேன்.

விலை சரியாக இருந்தும் தொழில் முட்டி நிற்பதுண்டு. ஒரு நிறுவனம் மாதம் 1,000 பை கேட்கிறது, பில் கொடுத்து 60 நாளில் பணம் தருகிறேன் என்கிறது. முதல் மாதம் உங்கள் கையிலிருந்து 70,000, இரண்டாம் மாதம் இன்னொரு 70,000. முதல் பில் வசூலாகும் முன் குறைந்தது 1,40,000 வெளியே நிற்கிறது. வேலை பிடித்துப்போய் 2,000 பை கேட்டால் குஷிதான், ஆனால் முடங்கும் தொகையும் 2,80,000 ஆகிவிடும். ஏட்டில் மாதம் 60,000 லாபம் எழுதியிருக்கும், தையல்காரருக்குக் கூலி கொடுக்க அக்கவுண்டில் காசிருக்காது. அந்த நேரத்தில் அவசர வட்டிக்கு வாங்கினால் லாபம் அதிலேயே கரைந்துவிடும். பாதி முன்பணம் கேளுங்கள். துணி மொத்த வியாபாரியிடம் நீங்களும் 30 நாள் தவணை கேளுங்கள். சரக்கைப் பிரித்து அனுப்பி ஒவ்வொரு தடவைக்கும் தனி பில் போடுங்கள். எதற்கும் ஒத்துவரவில்லை என்றால், 1,000 பை போதும் என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

"மெஷினை எங்களிடம் வாங்குங்கள், நீங்கள் செய்யும் பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல நேரம் அவர்களுடைய தொழில் மெஷின் விற்பது மட்டும்தான். முதல் ஒன்றிரண்டு லோடு எடுப்பார்கள், பிறகு தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். என்ன விலைக்கு, மாதம் எத்தனை, எத்தனை வருடத்துக்கு எடுப்பார்கள், எந்த அளவுகோலில் தரம் பார்ப்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே மெஷின் வாங்கியவர்களை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள், மெஷின் விற்பவர்கள் கைகாட்டும் ஆளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவைதான், செய்பவர்கள் குறைவு. கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்காமல், தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து உங்களுக்கென்று மாதச் சம்பளம் எடுங்கள். கூட்டாளி எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் முதல், பங்கு, வேலை, விலகும் விதம் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக விலகும் விதம்.

நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்காததும் ஒரு தவறுதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் கணக்குப்படி, அங்கே புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் சுமார் 20 சதவீதம் முதல் ஆண்டிலேயே மூடப்படுகின்றன. ஐந்தாண்டில் ஏறக்குறைய பாதி. எனவே, எவ்வளவு பணம்வரை போகலாம், எத்தனை மாதம் பார்க்கலாம் என்று தொடங்கும்போதே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று மேலும் மேலும் கடன் வாங்குவதை அந்தக் காகிதம் தடுக்கும். மூடுவது என்று முடிவானால், பாக்கியை வசூலித்து, சரக்கைத் தள்ளி, கடைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிய பிறகு, வரிப் பதிவையும் உரிமங்களையும் முறைப்படி ரத்து செய்யுங்கள். ஷட்டரை இறக்கியதோடு விட்டுவிட்டால், நடக்காத தொழிலுக்குக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று அபராத நோட்டீஸ் வரலாம்.