முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்: குமரி மாவட்டத்தில் அணிந்து பழகுபவர்களுக்கு

மின்கலமோ மோட்டாரோ இல்லாமல், அணிந்திருப்பவரின் எடையாலும் தொடையசைவாலும் மட்டுமே நடக்கும் எளிய செயற்கைக் கால்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குலசேகரத்துக்கு அருகே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா, சர்க்கரை நோயால் ஆறாத ஒரு புண்ணின் காரணமாக இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, அத்தகைய கால் ஒன்றை அணிந்தார். அந்தக் காலின் விலையையும் தரத்தையும் விட, அதற்குள் இறங்கும் மீதிக் காலை, அதாவது மருத்துவமனையில் ஸ்டம்ப் என்று சொல்லும் பகுதியை, எப்படிக் கவனிக்கிறோம் என்பதே நடையைத் தீர்மானிக்கிறது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

கவனிப்பு அறுவை சிகிச்சை முடிந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். வலிக்கிறதே என்று பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. மடங்கிய நிலையிலேயே கிடக்கும் மூட்டு அப்படியே இறுகிவிடும், பிறகு எவ்வளவு நல்ல காலைப் பொருத்தினாலும் நிமிர்ந்து நடக்க முடியாது. முழங்காலை நீட்டியே வைத்திருப்பதும், மருத்துவர் அனுமதித்த பின் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பதும் இதைத் தடுக்கும். வீக்கம் வடிய கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்ற வேண்டும். நுனியில் சற்று இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டுமே தவிர, வளையம் வளையமாகச் சுற்றி இரத்த ஓட்டத்தை நெரிக்கக் கூடாது.

அளவெடுக்கும் நாளில் காலைச் செய்பவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று, நீங்கள் வீட்டில் செருப்போடு நடப்பவரா, வெறுங்காலோடு நடப்பவரா என்பது. கணுக்கால் அசையாத பாதத்தைக் குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கே பொருத்துவார்கள். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் பின்னால் தள்ளப்படும், உயர்ந்தால் முன்னால் மடங்கும். கோயில் நடையிலும் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும் நமக்கு இது சிறிய செய்தியன்று. 1968-இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் ஈரத்தில் இறங்கவும் ஏற்றது என்பதாலேயே தோட்ட வேலைக்கும் கடற்கரை வேலைக்கும் பொருந்துகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். முதல் ஓராண்டில் ஸ்டம்ப் தொடர்ந்து மெலியும்; அதுவன்றி ஒரே நாளிலும் காலையில் பருத்தும் மாலையில் சுருங்கியும் இருக்கும். செயற்கைக் காலில் ஸ்டம்ப் இறங்கும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட்டோ அதே அளவில்தான் இருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே ஸ்டம்பின் மேல் மாட்டும் துணி உறைகளை வெவ்வேறு தடிமனில் தருகிறார்கள். முழங்கால் சில்லின் அடிப்பகுதி சாக்கெட்டின் முன்விளிம்பில் இடித்தாலோ, எலும்பு நுனி அடியில் முட்டி வலித்தாலோ, கால் அளவுக்கு மீறி உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்; ஓர் உறையைக் கூட்ட வேண்டும். உள்ளே இறங்காமல் கால் உயரமாகத் தோன்றினால் ஒன்றைக் குறைக்க வேண்டும். அப்பாவுக்கு முதல் கால் கிடைத்த இடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு மாதம் கழித்து அது தொளதொளவென்று ஆடியபோது, பழகினால் சரியாகிவிடும் என்று அவரை நடக்கச் சொன்னேன். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய தோலில் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் புண் வந்ததை, உறையில் படிந்த கறையைப் பார்த்த பின்புதான் அறிந்தோம். அது ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை.

ஆகவே புதிய காலை முதல் நாளில் அரைமணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். கழற்றியவுடன் ஒரு கைக்கண்ணாடியை ஸ்டம்பின் அடியில் பிடித்து எல்லாப் பக்கமும் பாருங்கள். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் நாள்தோறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறையாவிட்டால், தோல் உரியாத நிலையில், அந்த இடத்தில் கொஞ்சம் உதட்டுச் சாயத்தைத் தடவி, உறை போடாமல் காலை ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள்; சாக்கெட்டின் உட்புறத்தில் எங்கே சாயம் ஒட்டியிருக்கிறதோ அதுதான் உரசும் இடம். அதைக் காலைச் செய்தவரிடம் காட்டினால் சரிப்படுத்தித் தருவார். வீட்டில் அரத்தை எடுத்துத் தேய்க்கவே கூடாது.

ஸ்டம்பை இரவில் மென்மையான சோப்பால் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். காலையில் கழுவி ஈரம் காயுமுன் மாட்டினால் தோல் ஊறிப் பிய்யும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நம் ஊரில் துணி எளிதில் காயாது என்பதால், குறைந்தது நான்கு உறைகளாவது கையிருப்பில் இருப்பது நல்லது. சாக்கெட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் சாக்கெட் வெந்நீரிலும் கடும் வெயிலிலும் உருமாறிவிடும் என்பதால் முற்றத்தில் காயப்போடக் கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புத்தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், இல்லையேல் திருகுகள் துருப்பிடிக்கும்.

மேட்டிலும் படியிலும் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது செயற்கைக் காலை முதலில் இறக்குங்கள். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோட்டத்துச் சரிவுகளில் குழியும் கல்லும் சருகுக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால், அந்த மாதங்களில் ஊன்றுகோலின்றிப் போக வேண்டாம்.

இலவசமாகக் கால் பெறுவதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும்; நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கையை இழந்தவர்களுக்குத் தரும் அசையாத செயற்கைக் கையையும் வெறும் தோற்றத்துக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். எழுதும்போது தாளை அழுத்தவும் பையைத் தொங்கவிடவும் அது உதவும். அதன் மேலுறையில் மஞ்சளோ பேனா மையோ பட்டால் கறை போகாது.

குளிக்கும் இடத்தில் வழுக்காத முக்காலியும் சுவரில் கைப்பிடியும் இருக்கட்டும். இரவில் காலைக் கழற்றிய பிறகு ஊன்றுகோலைக் கதவருகே சாய்த்து வைக்காமல், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். பால் வெட்டப் போகும் பழக்கத்தில் அப்பா விடியுமுன் மூன்று மணிக்கு விழித்து, தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றி இருமுறை விழுந்தார். அதன் பின் கட்டிலின் இடது பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். வலது பக்கமாக மட்டுமே இறங்க முடியும் என்பதால், ஊன்றுகோலின் பிடி அவர் கையில் படாமல் பாதம் தரையைத் தொடுவதில்லை.