பழைய காருக்கு அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்: குமிழைப் பார்க்கும் முன் கம்பியை அளந்து பாருங்கள்

என்னிடம் இருப்பது 1973-ம் வருட பி.எம்.டபிள்யூ 2002. பெரும்பாலும் சாலையில்தான் ஓடும். வருடத்துக்கு நாலைந்து நாள் டிராக்குக்குப் போகும். இரண்டு முறை இதற்கு சஸ்பென்ஷன் மாற்றியிருக்கிறேன். முதல் முறை காசைக் கரியாக்கினேன்.

ஒவ்வொரு ஷாக்கிலும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) அந்த அடக்கலைக் கூட்டிக் குறைக்க முப்பது கிளிக் கொண்ட குமிழ், உயரத்தை ஏற்றி இறக்க மரை வெட்டிய உடல். பார்த்ததும் மயங்கி வாங்கிவிட்டேன். காரை 50 மி.மீ. இறக்கினேன். நிற்கும்போது கொள்ளை அழகு. டிராக்கிலோ, வளைவின் நடுவே சின்ன மேடு வந்தாலே முன்பக்கம் பிடி விட்டு வெளியே ஓடியது. காலை முழுக்கக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். மதியம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஷாக் முழுக்க அமுங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கி, தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. கார் ஸ்பிரிங்கில் ஓடவே இல்லை, அந்த ரப்பரில் ஓடியிருக்கிறது. அந்த நிலையில் முப்பது கிளிக் இருந்தால் என்ன, முந்நூறு இருந்தால் என்ன?

அதனால் வாங்கும் முன் அளக்க வேண்டியது, ஷாக் இன்னும் எவ்வளவு அமுங்க இடம் இருக்கிறது என்பதை. இப்போது காரில் இருக்கும் ஷாக்கின் உள்ளே போய் வரும் கம்பியில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே உடல்வரை தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான சுமையோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ, அதுவரை உங்கள் சாலை கேட்கிறது. எத்தனை மி.மீ. இறக்குகிறீர்களோ, ஏறக்குறைய அத்தனையும் ஷாக் அமுங்க மிச்சமிருக்கும் இடத்திலிருந்துதான் கழியும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். கார் நிற்கும் நிலையில் பம்ப் ஸ்டாப்பைத் தொட 50 மி.மீ.யாவது மிச்சம் இல்லாத எதையும் நான் சாலைக்காருக்குப் போட மாட்டேன்.

இறக்குவதில் இன்னொரு வினை உண்டு. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) இருந்தால், சக்கரத்தை உடலோடு கீழே இணைக்கும் கீழ்க்கை, சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ மட்டமாகவோ இருக்க வேண்டும். சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டால் ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சாய வேண்டாமா? அதிகமாகச் சாயும். போதாததற்கு, ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். இரண்டாம் முறை நான் 25 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது ஸ்பிரிங். சக்கரம் உணரும் கடினம் வேறு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் வேறு. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்குகிறது என்றால் விகிதம் 0.7. அதை வர்க்கப்படுத்தினால் 0.49. அதாவது ஸ்பிரிங்கின் கடினத்தில் பாதிதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஸ்ட்ரட்டில் இந்த இழப்பு சொற்பம். முன்னும் பின்னும் ஒரே எண் வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 220 கிலோ என்று வையுங்கள். சக்கரத்தில் மி.மீ.க்கு 20 நியூட்டன் கடினம் இருந்தால் கார் விநாடிக்கு 1.5 முறை ஆடும். 28 என்றால் 1.8 முறை, 35 என்றால் 2 முறை. சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே காரை ஓட்டுகிறவருக்கு 1.5-க்கும் 1.8-க்கும் நடுவே போதும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால், வீடு திரும்பும்போது முதுகு பேசும்.

ஸ்பிரிங் முடிவான பிறகுதான் ஷாக். அந்த ஸ்பிரிங்குக்கு இதன் வரம்பு போதுமா, குமிழின் நடுப்பகுதியிலேயே சரியாக நிற்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கோடியில் வைத்தால்தான் சரிவரும் என்றால் வேண்டாம். ஒரே குமிழ் உள்ள ஷாக்கில் அது எதை மாற்றுகிறது என்றும் கேளுங்கள். சிலதில் பம்ப் (ஷாக் அமுங்குவதை அடக்குவது), ரீபவுண்ட் (திரும்ப நீள்வதை அடக்குவது) இரண்டும் சேர்ந்து ஏறும். சிலதில் ரீபவுண்ட் மட்டும். எனக்கு ரீபவுண்ட் மட்டும் போதும், ஏனென்றால் கடினமான ஸ்பிரிங் திரும்பி உதைப்பதைத்தான் அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ் இருப்பது நல்லதுதான். ஆனால் குறிப்பெடுக்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது தொலைந்துபோக இன்னொரு வழி. கோனி நிறுவனத்தின் சிவப்பு கிளாசிக் ஷாக்கை காரிலிருந்து விடுவித்து, முழுக்க அமுக்கி, கம்பியைத் திருகித்தான் மாற்ற முடியும். ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறவருக்கு அது பரவாயில்லை. டிராக் வாசலில் மாற்ற நினைப்பவருக்கு ஆகாது.

பழைய காரின் உடலையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். என் காரின் பின்பக்கம் ஸ்பிரிங் ஓர் இடத்தில், ஷாக் வேறோர் இடத்தில். ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகடு, ஆட்டத்தை அடக்கும் விசையை மட்டும் தாங்கச் செய்தது. அங்கே காயில்ஓவர் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் உள்ள அமைப்பு) போட்டால் காரின் எடையே அதன்மேல் உட்காரும். ஐம்பது வயதுத் தகடு, உள்ளே துரு வேறு இருந்தால், கிழிந்துவிடும். தகட்டை வலுப்படுத்தாமல் அதைச் செய்யாதீர்கள். நான் பின்பக்கம் ஸ்பிரிங்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மாட்டும்போது, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகளான புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது மட்டும் கடைசி இறுக்கு இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து பாருங்கள். டயரில் காற்று குறைந்தாலும் கணக்கு மாறாது. அப்புறம் அலைன்மென்ட். உயரத்தைத் தொட்டால் டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) கேம்பரும் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) மாறியிருக்கும்.

குமிழை முழுக்க மூடி, அங்கிருந்து திறக்கும் கிளிக்கை எண்ணுங்கள்; எண் குறைந்தால் கடினம், கூடினால் மென்மை. சாலைக்கு மென்மையான பக்கத்தில் தொடங்கி, மேடு தாண்டியதும் கார் ஒரே ஆட்டத்தில் அடங்கும்வரை இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். டிராக்குக்கு இன்னும் இரண்டு மூன்று. தொடர் மேடுகளில் கார் மேலே எழாமல் அமுங்கிக்கொண்டே போகிறதா? ரீபவுண்ட் அதிகம், இரண்டு கிளிக் திறந்துவிடுங்கள். என் எண்களைப் பென்சிலால் சன்ஷேடின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன்: சாலைக்கு முன் 9, பின் 11, டிராக்குக்கு முன் 6, பின் 9.