பின்முற்றத்துச் சீமெந்துத் தளம்: என் அனுபவம்

வெள்ளவத்தை வீட்டுப் பின்முற்றத்தில் தளம் வெடித்து, விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தது. மழைத் தண்ணீர் குசினி வாசலில் தேங்கும். உடைத்து, நிலத்தை இறுக்கி, 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், கல்) 4 அங்குலம் போட்டோம். கான் (வடிகால்) பக்கமாக அடிக்குக் கால் அங்குலச் சரிவு. 8 அடிக்கு ஒரு வெட்டு, 1 அங்குல ஆழம். வெடித்தாலும் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

மேசன் பாஸ் கலவையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், இழுக்கச் சுகமாம். நான் விடவில்லை. தண்ணீர் கூடினால் பலம் போய்விடும், மேல்பக்கம் பொடியாகும். அப்புறம் நனைத்த சாக்கு, 7 நாள் காயவிடாமல். கொழும்பு வெயிலுக்கு இதுதான் உயிர்.

டொரோண்டோவில் மச்சான் நுண்காற்றுக் குமிழி சேர்த்த கொங்கிறீட் போட்டார். அங்கே உறையும் நீர் விரிந்து தளத்தைப் பிளக்குமே, அந்த விரிவுக்குக் குமிழிகள் இடம் கொடுக்கும். நமக்கு அந்தச் செலவு இல்லை.