பித்தளைக் கொடியும் ஒரு பல் பூண்டும்

பாரிஸ் பழம்பொருள் சந்தையில் வாங்கிய எழுதுபெட்டி அது. பூட்டுத் தகட்டில் ‘தஹான், பாரிஸ்’ என்று பொறித்திருக்கிறது. மூன்றாம் நெப்போலியனுக்குப் பெட்டிகள் செய்து கொடுத்த தஹானின் பெயர். மூடி முழுக்க ஆமையோட்டில் பதித்த பித்தளைப் பூங்கொடிகள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில் மரச்சாமான் கலைஞர் ஆந்த்ரே ஷார்ல் பூல் புகழ்பெறச் செய்த வேலைப்பாடு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

முதல் குளிர்காலத்திலேயே ஒரு கொடி எழும்பிச் சட்டைக்கையில் மாட்டியது. காரணம் ஹீட்டர். காற்று வறண்டால் மரம் சுருங்கும், பித்தளை அப்படிச் சுருங்காது. நடுவில் இருக்கும் பழைய பசை விட்டுவிடும். முன்பு யாரோ வைத்த சூப்பர் குளூ வேறு கட்டியாக இருந்தது. அதைச் சுரண்டவே இரண்டு மாலைகள் போயின.

சுத்தியலைத் தொடவில்லை. தட்டினால் பித்தளை நீண்டுவிடும், அப்புறம் தன் பள்ளத்தில் உட்காராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பழைய பசையை எடுத்தேன். கொடியின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நறுக்கிய பூண்டைத் தடவினேன். உலோகத்தில் பசை பிடிக்க அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் செய்தது இது. பிறகு மீன் பசை, மேலே மெழுகுத்தாள், மரக்கட்டை, கிளாம்ப். ஒரு நாள் முழுக்க அசைக்கவில்லை.

இப்போது விரலை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. பெட்டியை ஹீட்டருக்கு எட்டாத அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.